மைக்கா தகடு

குரோம்பேட்டை மெக்கானிக் என் இஸ்திரிப் பெட்டியைப் பிரித்து மைக்கா தகட்டை வெளியே எடுத்தார். வேலை முடிந்த அலுப்பில் நின்றிருந்தேன். நகம் மட்டும் துறுதுறுத்தது.

எட்டு வயதில், அப்பா பழுது பார்க்கப் பிரித்துப் போட்டிருந்த பெட்டியில் அந்தத் தகட்டை வெங்காயச் சருகு மாதிரி ஏடு ஏடாக உரித்தேன். மண்ணுக்குள் கிடைக்கிற கல் அது, சூட்டைத் தாங்கும், கரண்ட்டைத் தடுக்கும் என்றெல்லாம் யாருக்குத் தெரியும்? மினுங்கியது, உரித்தேன். நான் உரித்தது தெரியாமல், மிச்சத்தை வைத்தே அப்பா பெட்டியை மூடினார்.

மறுநாள் காலை புடவை தேய்த்த அம்மாவுக்கு ஷாக் அடித்தது. கையை உதறிக்கொண்டே சுவரோரம் உட்கார்ந்தவள், என் நோட்டுக்குள் மினுங்கிய ஏடுகளைப் பார்த்தாள். திட்டக்கூடத் தெம்பில்லை.

"உனக்கு ஒண்ணும் ஆகலையே?"

கசங்கிய புடவையோடு, வேலைக்கு ரயில் பிடிக்கத் தாம்பரம் ஸ்டேஷனுக்கு நடந்தாள்.

"புதுத் தகடு போட்டுரவா அக்கா?" என்றார் மெக்கானிக்.

"ரெண்டா போடுங்க."