செல்லாத கல்யாணம்

வில்லியனூரில் ஒரு வக்கீல் அலுவலகத்தில் பல வருடங்களாக டைப் அடிக்கிறேன். சட்டம் படித்தவளில்லை. ஆனாலும் படியேறி வருகிறவர்கள் வக்கீலுக்கு முன்னால் என்னிடம்தான் கேட்பார்கள். பிரிந்திருந்தாலே விவாகரத்துதானே, எத்தனை வருடம் போனால் தானாக முறியும் என்று. தானாக முறிவது முறுக்குதான் என்று வாய் வரை வரும், அடக்கிக்கொள்வேன்.

ஊரில் நாலு பேர் உட்கார்ந்து பேசி, முத்திரைத்தாளில் புருஷன் பெண்டாட்டி இருவரிடமும் கையெழுத்து வாங்கிப் பிரித்து அனுப்புவதைத் 'தீர்த்துவிடுவது' என்பார்கள். முன்பு ஜெராக்ஸ் கடையில் இருந்தபோது அப்படிப்பட்ட தாள்கள் நிறைய அடித்திருக்கிறேன். ஒருநாளும் யோசித்ததில்லை.

செலியமேட்டிலிருந்து ஒரு பெண் வந்தாள். புருஷனுக்குச் சேதராப்பட்டில் கம்பெனி வேலை. அடி தாங்காமல் அம்மா வீட்டுக்கு வந்துவிட்டாள், விவாகரத்து வேண்டுமாம். அவருக்கு முன்பே ஒரு கல்யாணம் ஆகித் தீர்த்துவிட்டார்கள், தெரிந்துதான் கட்டிக்கொண்டேன் என்று அந்தத் தாளின் நகலை நீட்டினாள். 'பாத்தியதை' என்ற சொல்லில் ஓர் எழுத்து விட்டுப்போயிருந்தது. அது என் வழக்கமான பிழை. நான் அடித்த தாள்.

வக்கீல் படித்துப் பார்த்தார். அவர்கள் சமூகத்தில் அப்படியொரு வழக்கம் காலங்காலமாக இருப்பதை நிரூபித்தால் ஒழிய, கோர்ட்டுக்குப் போகாத அந்தப் பிரிவு செல்லாது என்றார். முதல் மனைவிதான் இன்னும் மனைவி. இவள் கல்யாணம் ஆரம்பத்திலிருந்தே செல்லாது. விவாகரத்துக்கு வழியில்லை, செல்லாது என்று அறிவிக்கத்தான் மனுப் போடலாம். வழக்கு சுலபம் என்று அவருக்குத் திருப்தி.

அவள் என் பக்கம் திரும்பினாள்.

"அப்ப மூணு வருசம் அவருகூட நான் இருந்தது இன்னாக்கா?"

எனக்கு வெட்கமாக இருந்தது. அந்தத் தாளை அடித்தது நான்தான் என்று இன்றுவரை அவளிடம் சொல்லவில்லை.

அப்படியே மனுப் போட்டாள், கல்யாணம் செல்லாது என்று தீர்ப்பும் வந்தது. நகல் வாங்க வந்த அன்று, ஒரு வேலைக்கான விண்ணப்பத்தையும் கொண்டுவந்திருந்தாள். திருமண நிலை என்ற இடத்தில் என்ன எழுதுவது என்று கேட்டாள். சட்டப்படி 'மணமாகாதவர்' என்றேன்.

"தாலி கட்டிக்கினு போயி, அடி வாங்கிக்கினு வந்துகீறேன். கல்யாணம் ஆவலன்னு எப்பிடிக்கா எழுதுவேன்?"

அந்தக் கட்டத்தை அப்படியே விட்டுவிட்டுக் கீழே கையெழுத்துப் போட்டாள்.