ஒன்று பத்துக்கு வரும் விசாரிப்பு

கத்தாரில் வேலை செய்யும் என் கணவரிடமிருந்து தினமும் பகல் ஒன்று பத்துக்கு ஒரு மெசேஜ் வரும். "பகல் சாப்பிட்டியா? வெயிலுக்குள்ள போவாத." குறிஞ்சிப்பிட்டியில் எங்கள் மிளகாய்த் தோட்டத்தில் நிற்கும்போது போன் சத்தம் கேட்டால், அவருடைய தங்கை, என் மதினி, "இந்தா, நானா வந்துட்டாரு" என்று தன் அண்ணனைச் சொல்லிச் சிரிப்பாள். எனக்குப் பெருமை தாங்காது. ஓம், சாப்பிட்டேன், நீங்க என்று உடனே எழுதுவேன். பதில் சில நாள் வரும், சில நாள் வராது.

சந்தேகம் பிடித்தது ஒரு மழை நாளில். பாத்தியெல்லாம் தண்ணீர், போன் வெயிலுக்குள் போகாதே என்கிறது. முதல் நாள்தான் அவரும் நானும் மழையைப் பற்றி வாய் ஓயாமல் கதைத்திருந்தோம். பிறகு நேரத்தைக் கவனித்தேன். ஒன்று ஒன்பதும் இல்லை, ஒன்று பதினொன்றும் இல்லை. வேலைக்குப் போனால் போனைப் பூட்டி வைக்க வேண்டும் என்று அவரே சொல்லியிருக்கிறார். அப்படியென்றால் இதை அனுப்புவது யார்? அறையில் இருக்கும் கூட்டாளியா? வேறு பெண்ணா? கண்டதையும் நினைத்தேன். மதினியிடம் மூச்சு விடவில்லை. அவளுக்குத் தெரிந்தால் ஊருக்கே தெரிந்த மாதிரி.

எங்களுக்கு ரமழானின் முதல் நாள், தலை நோன்பு அன்று பிடிபட்டார். அங்கே ஒரு நாள் முந்திப் பிறை கண்டதால் அவருக்கு அது இரண்டாம் நோன்பு. ஒன்று பத்துக்கு வழக்கம்போல, பகல் சாப்பிட்டியா!

பொழுது பட்டு மஃரிபுக்கு நோன்பு திறந்ததும் வீடியோ கோல் எடுத்தேன். "நோன்பாளிக்கிட்ட பகல் சாப்பிட்டியான்னு கேக்கிறது நீங்கதானா?"

அவர் முகம் செத்துப்போனது. நேரத்தையும் வசனத்தையும் ஒரு தடவை எழுதி வைத்தால் போனே தினமும் அனுப்புமாம். பத்து மாதமாக அப்படித்தான் போகிறதாம். நோன்புக்கு நிறுத்த மறந்துவிட்டாராம். நான் ஏங்கக் கூடாதென்றுதான் செய்தாராம். நம்பலாமா என்று கண்ணையே பார்த்தேன். பத்து மாதமாக ஒரு மெஷினுக்கு வெட்கப்பட்டுச் சிரித்திருக்கிறேனே என்று நினைக்க ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

"அத நிப்பாட்டுங்க. நெனப்பு வந்தா நீங்களே கேளுங்க" என்று கோலை வெட்டினேன்.

மறுநாள் ஒன்று பத்துக்குச் சத்தமில்லை. வேலையில் இருப்பார் என்று விட்டேன். மஃரிபுக்குப் பார்த்தேன், படுக்கும்போதும் பார்த்தேன். அடுத்த நாளும் இல்லை. மூன்றாம் நாள் மதினி நோன்புக் கஞ்சி கொண்டுவந்து, நானாவின் சத்தத்தையே காணவில்லையே என்று கேட்டாள். வேலை கூடிப்போச்சாம் என்றேன்.

அவள் போனதும் நானே எழுதினேன். "அத திரும்பப் போடுங்க. நோன்பு முடியும்வரை நேரத்த மஃரிபுக்கு மாத்துங்க."

ஒரு நிமிடம்கூட ஆகவில்லை, சரி என்று பதில் வந்தது. போன் கையில்தான் இருந்திருக்கிறது.