சலீம் அண்ணே கட்டி வைத்த பதினோரு பைகள்

சலீம் அண்ணே போய்விட்டார். இன்று காலை கடை ஷட்டரைப் பாதி தூக்கியவர் அப்படியே சரிந்துவிட்டாராம்... ஹார்ட் அட்டாக்.

சிம்பாங் பூலாயில் சாப்பாட்டுக் கடை வைத்திருந்தவர். மழையில்லாமல் செமோர் பக்கத்துக் காய்கறித் தோட்டங்கள் காய்ந்து கூலி வேலை நின்றதிலிருந்து, சனிக்கிழமை தவறாமல் வேனில் அரிசி, பருப்பு கொண்டுபோய்க் கொடுத்தவர்.

பை கட்டுவது அவரும் நானும். டெலிவரி அவர் மட்டும். ஏன் என்று சொல்லித்தான் ஆகவேண்டும்... தப்பு என்னுடையது.

ஆரம்பத்தில் ஒரே ஒரு வீடுதான், பழைய ரப்பர் எஸ்டேட் லயத்து வரிசை வீடுகளில். நானும் கூடப் போனேன். அந்த அக்கா பையை வாங்கும்போது போட்டோ எடுத்து, டோனர்ஸ் பார்க்கட்டும் என்று இதே பேஜில் போட்டேன். லைக் வேறு குவிந்தது.

அடுத்த சனிக்கிழமை அந்த அக்கா கதவைத் திறக்கவே இல்லை. உள்ளே பிள்ளை அழும் சத்தம் கேட்டது. பையைத் திரும்ப எடுத்து வந்தோம்.

அண்ணே கத்தவில்லை. “பசிக்குதுன்னு நம்மகிட்டதானேம்மா சொன்னாங்க. ஊருக்கேவா சொன்னாங்க? இனிமே நீ வர வேணாம், நான் பார்த்துக்கிறேன்லா.”

அதற்குப் பிறகு ஒரு வீடு பதினொன்று ஆனது. லயம், கம்போங் கிராமங்கள், எங்கெங்கேயோ. பெயர், அட்ரஸ், எதையும் அவர் எழுதி வைக்கவில்லை. எனக்கும் சொல்லவில்லை.

நானா விடுவேன்? “அண்ணே, ஒரு லிஸ்ட்டாவது கொடுங்க. உங்களுக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா?”

“ஒண்ணும் ஆகாதுலா. உப்பு பாக்கெட் போட்டியான்னு பாரு முதல்ல.”

என் வாயில் அடிக்க வேண்டும்.

நேற்றே கட்டி முடித்துவிட்டோம். பதினோரு பையும் கடைக்குப் பின்னால் இருக்கின்றன. ஒன்றில் பால்மாவு. ஒன்றில் சர்க்கரை வியாதிக்காரருக்கு என்று அவரே தேடி வாங்கிய ஓட்ஸ். அந்தப் பால்மாவுக்குரிய குழந்தை எந்த வீட்டில் இருக்கிறது... தெரியவில்லை.

நாளை சனிக்கிழமை. அவர்கள் காத்திருப்பார்கள். வராவிட்டால் போன் செய்து கேட்கிற ஆட்கள் இல்லை. பேசாமல் தண்ணீரைக் குடித்துவிட்டுப் படுத்துவிடுவார்கள்.

உண்மையைச் சொல்கிறேன், இன்னும் அழுகைகூட வரவில்லை. பயமாக இருக்கிறது.

அந்த வீடுகள் தெரிந்தவர்கள் யாராவது இருந்தால் இன்பாக்ஸில் வாங்க. கமெண்ட்டில் யார் பெயரையும் போடாதீங்க, ப்ளீஸ்.

இன்று சாயங்காலம் அசர் தொழுகைக்குப் பிறகு அடக்கம். நான் அங்கேதான் இருப்பேன்.

போய்ட்டு வாங்க அண்ணே... நாளைக்கு அந்த அக்கா வீட்டுக்குத்தான் முதலில் போகிறேன். எனக்குத் தெரிந்த வீடு அது ஒன்றுதான்.