சோறு விழாத இலை

புளிச்சோற்று வாசம் தனியாக வந்தால் எனக்கு ஒன்றும் ஆவதில்லை. டீசல் சூட்டோடு கலந்து வந்தால்தான், ஏற்காட்டு மலை ஏறும் அந்தப் பழைய பஸ்ஸின் முன்சீட்டில் மறுபடி போய் உட்கார்ந்துவிடுகிறேன். சேலத்துப் பக்கம் ஜவ்வரிசி செய்யும் சேகோ பேக்டரியில் வேலை பார்த்த அப்பா, எண்பதுகளில், வேலை ஓய்ந்திருக்கும் நாளாகப் பார்த்து வருசத்துக்கு ஒருமுறை எங்களை மலைக்குக் கூட்டிப்போவார். சாப்பாடு மட்டும் 'ஊட்டுச் சோறு'தான், வீட்டிலிருந்து கட்டிக்கொண்டு போவது. விடியுமுன் எழுந்து அம்மா கிளறிய புளிச்சோறு பிடிவைத்த பாத்திரமான 'தூக்குப்போசி'யில் ஏறும். ஆறாமல் இருக்க அதை டிரைவர் பக்கத்து இன்ஜின் மூடிமேல் வைத்துக்கொள்வோம். வளைவுகளில் சரியாமல் காலால் அணை கொடுப்பது என் வேலை.

அப்பாவுக்கென்று ஒரு பேச்சு உண்டு: "ஊரத்தான பாக்க வந்தோம்? வயித்துக்கு எந்த ஊரா இருந்தா என்ன?" அம்மா ஏரிக்கரைப் பனியில் எங்களுக்கெல்லாம் அள்ளி வைத்துவிட்டு, போசியின் அடியில் ஒட்டியதை வழித்துத் தின்பாள். ஒரே ஒருமுறை, பக்கத்து வீட்டுக்காரியிடம் அவள் சொன்னது என் காதில் விழுந்திருக்கிறது: "ஒரு நாளைக்கு நாஞ் சேர்ல உக்கோந்திருக்க, வேற யாராச்சும் வந்து 'இன்னுங் கொஞ்சம் போடட்டுங்களா'ன்னு கேக்கோணுமுங்க அக்கா."

நான் மூன்றாம் வகுப்புப் படித்த வருசம். ஏற்காடு பஸ் ஸ்டாண்டில், தம்பியைத் தோளில் போட்டுக்கொண்டு அப்பா முன்னால் இறங்கிவிட்டார். கடைசியாக எழுந்த அம்மா போசியின் பிடியைத் தொட்டாள்; கையை எடுத்தாள்; என்னைப் பார்த்தாள். பிறகு முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு வெறுங்கையோடு இறங்கினாள். பஸ் அங்கிருந்து தலைச்சோலைக்குப் போய்ச் சாயங்காலம்தான் திரும்பும் என்று அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். நானும் வெறுங்கையோடு அவள் பின்னால் இறங்கினேன்.

கடைவீதி தாண்டுமுன்னே தம்பி பசிக்கு அழுதான். அப்பா போசியைக் கேட்டார்.

"பஸ்ஸுலயே மறந்துட்டனுங்க" என்றாள் அம்மா.

"சோத்த மறக்கற அளவுக்கு அப்பிடி என்னத்தப் புள்ள பாத்த?" என்று மட்டும் கேட்டுவிட்டு, தலையைச் சொறிந்தபடி அவர் பக்கத்து ஓட்டலில் படியேறினார். சின்ன ஓட்டல்தான், கேட்டதும் மலிவான 'அளவுச் சாப்பாடு'தான். ஆனால் அம்மா சேரில் நிமிர்ந்து உட்கார்ந்து, இலையில் தண்ணீர் தெளித்து ஒருமுறைக்கு இருமுறை துடைத்தாள். சர்வர் சோற்று வாளியோடு பக்கத்து மேசைவரை வந்துவிட்டார்.

அப்போதுதான் வாசலில் கண்டக்டர் வந்து நின்றார். கையில் எங்கள் போசி.

"ஏனுங்கண்ணா, கடைவீதி பூரா தேடறனுங்க. புள்ளைங்க சோறாச்சேன்னு மனசு கேக்கல. பஸ்ஸ நிறுத்திப்போட்டு வந்தேன்."

அப்பா எழுந்து கும்பிடாத குறையாக இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். சர்வரிடம், "தப்பா நெனைக்காதீங்க, எங்க சோறு வந்துருச்சு" என்றார். "அதுக்கென்னுங்க, அடுத்த தடவ வாங்க" என்று சர்வர் சிரித்தார். எல்லோரும் நல்லவர்களாக இருந்தார்கள், யாரைக் கோபித்துக்கொள்வது? உண்மையைச் சொன்னால் அம்மா அப்பாவின் முன் குற்றவாளி, சொல்லாவிட்டால் எழுந்து நடக்கவேண்டியதுதான். ஒரு பருக்கைகூட விழாத அந்த ஈர இலையை, நிறையச் சாப்பிட்டவள் மாதிரி தன் பக்கமாக மடித்து வைத்துவிட்டு அம்மா எழுந்தாள். போசி இன்னும் சூடாகத்தான் இருந்தது.

அந்த ஓட்டல் இருந்த இடத்தில் இன்று ஒரு லாட்ஜ் நிற்கிறது. போசியோடு மலையேறுகிறவர்களைக் காணோம்; அப்பாவும் போய்விட்டார். போன மாதம் அம்மாவைக் காரில் மலைக்கு அழைத்துப்போய், நல்ல ஓட்டலாகப் பார்த்து உட்காரவைத்தேன். "இன்னுங் கொஞ்சம் போடட்டுங்களா பாட்டி?" என்று கேட்கவும் கேட்டார்கள். சர்க்கரை வியாதிக்காரி, இரண்டு கவளத்துக்கு மேல் இறங்காமல், இலையைக் கையால் மறைத்துக்கொண்டாள்.

"அந்தக் கண்டக்டரு நொம்ப நல்ல மனுசன் கண்ணு" என்றாள், என்னைப் பார்க்காமலே. "அன்னைக்கு ஒரு நாளு மட்டும் கொஞ்சம் சோம்பேறியா இருந்திருக்கலாம்."

சொல்லிவிட்டு, சோறு அப்படியே கிடந்த இலையைத் தன் பக்கமாக மடித்தாள்.