வேலை நாளில் மட்டும் நிற்கிற மெஷின்

துணி துவைக்கிற மெஷினை நான் ஒரு தடவை காலால் உதைத்திருக்கிறேன். பிள்ளைகளை அடிக்கக் கூடாது என்று கூட வேலை பார்க்கும் டீச்சர்களிடம் சண்டைக்குப் போகிறவள் நான். அப்படிப்பட்டவள் ஒரு புதன்கிழமை காலையில் நைட்டியோடு நின்று அந்த வெள்ளைப் பெட்டியை ஓங்கி ஒரு உதை விட்டேன். கட்டைவிரல் நகம் கறுத்துப்போனதுதான் மிச்சம். மெஷினுக்கு ஒன்றும் ஆகவில்லை.

பாதியில் நின்றுவிடுவதுதான் அதன் நோய். காலை ஆறு மணிக்குத் துணியைப் போட்டுப் பொத்தானை அமுக்கினால் சமர்த்தாகத் தண்ணீர் எடுக்கும், சுற்றும், நுரை கட்டும். சரி, ஓடட்டும் என்று நான் அடுப்படிக்குப் போய் இட்லித் தட்டை இறக்கும் நேரத்தில் சத்தம் நின்றுபோகும். போய்ப் பார்த்தால் எல்லா விளக்கும் சேர்ந்து கண்ணைச் சிமிட்டிக்கொண்டிருக்கும். எதை அமுக்கினாலும் காதில் வாங்காது. முன்பக்கம் கதவு வைத்த மெஷின் என்பதால் கதவும் பூட்டிக்கொள்ளும். ஒன்றாம் வகுப்புப் படிக்கிற என் மகளின் யூனிஃபார்ம் சோப்புத் தண்ணீரில் ஊறிக்கிடப்பதைக் கண்ணாடி வழியாக வேடிக்கை பார்க்கலாம், அவ்வளவுதான். இரண்டு தடவை அவளைக் கலர் டிரஸ்ஸில் அனுப்பினேன், அவள் வகுப்பு வாசலில் நின்றுவிட்டு வந்தாள். அந்த வயிற்றெரிச்சலில்தான் உதைத்தேன்.

எட்டேகாலுக்கு நான் என் பள்ளிக்கூடத்தில் இருந்தாக வேண்டும். என் கணவர் பஸ் கண்டக்டர். மதியத்துக்கு மேல் ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டில் வண்டி ஏறினால் வீடு திரும்ப ராத்திரி ஆகிவிடும். அதனால் காலையில் கொஞ்சம் தாமதமாக எழுந்திருப்பார். நான் நின்றபடியே விட்டுவிட்டுப் போகும் மெஷினை அவர் எப்படியோ ஓடவைத்துவிடுவார். சாயங்காலம் நான் வரும்போது துணியெல்லாம் கொடியில் காய்ந்துகொண்டிருக்கும்.

"நான் என்னத்தச் செஞ்சேன்? பிளக்கப் பிடுங்கி மாட்டுனேன், ஓடுது. ஒனக்குத்தான் ஓட மாட்டேங்குது" என்பார். "ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்."

நானும் சிரித்தேன். அதை இப்போது நினைத்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

நான் சும்மா இருக்கவில்லை. மெஷினோடு வந்த புத்தகத்தை, பாடம் நடத்தப்போகிறவள் மாதிரி முதல் பக்கத்திலிருந்து படித்தேன். அடியில் இருக்கிற ஃபில்டரைக் கழற்றினேன். ஒரு ஹேர்பின்னும் சட்டைப் பொத்தானும் வந்தன. பவுடரைக் குறைத்தேன், துணியைக் குறைத்தேன். குழாய் திறந்திருக்கிறதா பார்க்கவும் என்று போட்டிருந்தது, திறந்துதான் இருந்தது. சாயங்காலங்களில் மெஷினுக்குத் தண்ணீர் வரும் டியூபைக் கழற்றிப் பார்த்தால் தண்ணீர் முகத்தில் பீய்ச்சி அடித்தது. கரண்ட்தான் காரணம் என்று ஸ்டெபிலைசர் வாங்கி மாட்டினோம். கம்பெனிக்குப் போன் பண்ணினால் ஒரு பதிவுக் குரல் பொறுமையாகக் காத்திருக்கச் சொன்னது. என்னிடம் இல்லாததைத்தான் கேட்டது.

மெக்கானிக் இரண்டு தடவை வந்தார். எனக்கு லீவு ஞாயிற்றுக்கிழமைதான் என்பதால் இரண்டு தடவையும் ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு. அவர் முன்னால் மெஷின் தொடக்கத்திலிருந்து கடைசிவரை ஒரு குறையும் இல்லாமல் ஓடியது. நாயைக் கண்டால் கல்லைக் காணோம், கல்லைக் கண்டால் நாயைக் காணோம்.

"இம்புட்டு உப்புத் தண்ணியில ஓடுதே, அதே பெருசுக்கா" என்று சொல்லி, ஏதோ ஒரு பாகத்தை மாற்றிவிட்டுப் போனார். திங்கட்கிழமை காலை மறுபடியும் நின்றது.

எனக்கு இருந்த பயம் மெஷினைப் பற்றியது மட்டும் இல்லை. அது சரிப்படாவிட்டால் துணியைக் கையால் துவைக்க வேண்டும். அதற்குப் பின்பக்கத்துக் கல்லை ஓனர் வீட்டிலும் பக்கத்துப் போர்ஷனிலும் கேட்டுக்கொண்டு நிற்க வேண்டும், பேச்சு வரும், மனஸ்தாபம் வரும். இந்த வீட்டில் எந்த மனஸ்தாபமும் வரக் கூடாது என்று நாங்கள் இருவரும் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தோம். அவ்வளவு கஷ்டப்பட்டுக் கிடைத்த வீடு அது.

பழங்காநத்தத்தில் நாங்கள் ஏறி இறங்காத தெரு கிடையாது. சொந்த ஊர் எது என்பார்கள். பேரையூர் பக்கம் என்போம். பேரையூர் பக்கம் எங்கே என்பார்கள். ஊர்ப் பெயரைச் சொல்வோம். அங்கே எந்தத் தெரு என்பார்கள். அதற்கு என் கணவர் மென்று முழுங்குவார், நான் பட்டென்று சொல்லிவிடுவேன். சொன்னதும், சொந்தக்காரர் ஒருவர் ஏற்கெனவே வீடு கேட்டிருந்தது அவர்களுக்குத் திடீரென்று ஞாபகம் வரும். வீடு வாடகைக்கு என்கிற போர்டு மட்டும் அடுத்த மாதமும் அந்தக் கேட்டில் தொங்கும்.

இந்த வீட்டுக்காரர்கள் எதுவும் கேட்கவில்லை. மேலே அவர்கள், கீழே இரண்டு போர்ஷன், அதில் பின்பக்கம் எங்களுக்கு. மெஷின் வைத்திருக்கிறோம் என்றதும் மொட்டை மாடித் தொட்டியிலிருந்து அதற்கென்று தனியாக ஒரு பைப் லைனே இழுத்துக் கொடுத்தார்கள். "இப்பிடியும் மனுசங்க இருக்கத்தான செய்யிறாங்க" என்றார் என் கணவர். மகளின் பள்ளிக்கூடம் அடுத்த தெரு, என்னுடையது நடக்கிற தூரம். இந்த வீடு நிலைக்கட்டும் என்று நான் சாமிக்கு நேர்ந்துகூட வைத்தேன்.

எல்லாம் நன்றாகப் போய்க்கொண்டிருந்தபோது, ஒரு நாள் ஓனர் வீட்டுக்குக் கல்யாணப் பத்திரிகை கொடுக்க ஒருவர் வந்தார். எங்கள் ஊர்க்காரர். அவருக்கும் ஓனருக்கும் கொடுக்கல் வாங்கல் உறவு என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். வாசலில் என்னைப் பார்த்ததும் நின்றுவிட்டார்.

"ஏத்தா, நீ இங்கயா இருக்க? ஒங்கப்பன் எப்பிடி இருக்கான்? காட்டு வேலைக்கு இன்னும் போறானா?" என்றார்.

என் அப்பாவைவிட அவர் பத்து வயதாவது இளையவர். பிரியமாகத்தான் கேட்டார், அதுதான் கொடுமை. ஓனர் வீட்டுக்காரம்மா பக்கத்தில் காபி டம்ளரோடு நின்றிருந்தார். அந்த ஒரு 'இருக்கான்' போதும், எந்தத் தெரு என்று தனியாகக் கேட்க வேண்டியதில்லை. அவர்கள் ஒன்றும் சொல்லவில்லை. வழக்கம்போல "டீச்சர், சாப்டாச்சா?" என்றார்கள் மறுநாள். நான் நிம்மதியாக மூச்சு விட்டேன். அதற்கு அடுத்த வாரத்திலிருந்துதான் மெஷின் பாதியில் நிற்க ஆரம்பித்தது. இரண்டையும் முடிச்சுப் போட எனக்குத் தோன்றவே இல்லை. மெஷினுக்குள்தான் தேடிக்கொண்டிருந்தேன்.

ஒரு வெள்ளிக்கிழமை உள்ளூர் விடுமுறை விட்டார்கள். விடுமுறை என்றாலும் பழக்கத்தில் ஆறு மணிக்கே துணியைப் போட்டேன். ஆறே முக்காலுக்கு நின்றது. ஓட வேண்டிய அவசரம் இல்லாததால் அன்றைக்கு முதல்முறையாக, அது நின்ற அந்த நிமிடமே டியூபைக் கழற்றினேன். குழாய்க்கு அடியில் வாளியை வைத்துத் திறந்தேன். ஒரு சொட்டு வரவில்லை. குளியலறைக்குப் போய்த் திறந்தால் அங்கே கொட்டுகிறது. அடுப்படியிலும் கொட்டுகிறது. மெஷின் குழாய் மட்டும் காய்ந்து கிடக்கிறது. அது தண்ணீர் கேட்டுக் கேட்டுப் பார்த்துவிட்டுத்தான் கண்ணைச் சிமிட்டியிருக்கிறது. பாவம், அதைப் போய் உதைத்தேன்.

பின்சுவரில் மேலே ஏறும் பைப்பைக் கண்ணால் பிடித்துக்கொண்டே மொட்டை மாடிக்குப் போனேன். தொட்டிக்கு அடியில் வரிசையாக வால்வுகள். மற்ற எல்லாக் கைப்பிடியும் பைப்போடு நேராக, திறந்து இருந்தன. எங்கள் மெஷின் லைனுடையது மட்டும் குறுக்கே திருப்பி அடைத்திருந்தது. திறந்துவிட்டேன். கீழே வாளியில் தண்ணீர் விழும் சத்தம் மாடிவரைக்கும் கேட்டது.

ஓனர் வீட்டுக்காரம்மா துளசிச் செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். ஒளியவோ பதறவோ இல்லை.

"அடடா, இன்னைக்கு ஒங்களுக்கு லீவா டீச்சர்? ஆறரைக்கு எந்திரிச்சு அடைச்சா, எட்டரைக்கு நானே தெறந்து விட்ருவேனே" என்றார்.

"ஏங்க்கா அடைக்கிறீங்க?"

"நாங்க குளிச்சு, சாமி கும்பிட்டு, எல்லாரும் பொழங்கி முடிச்சப்பறம் நீங்க எடுத்துக்கிட்டா நல்லது பாருங்க. சார்ட்ட அன்னைக்கே சொல்லிட்டேனே. சரின்னாரே. ஒங்ககிட்டச் சொல்லலையா?"

"பக்கத்துப் போர்ஷன்லயும்தான் காலையில மெஷின் போடுறாங்க. அவங்க வால்வு தெறந்துதான இருக்கு?"

"அவங்க வேற, டீச்சர்" என்றார் அவர், சாதாரணமாக. செம்பில் மிச்சம் இருந்த தண்ணீரையும் துளசிக்கு ஊற்றினார்.

வால்வை அடைக்காமல் திரும்பி நடந்தேன். கோபம் பொத்துக்கொண்டு வந்தது. ஆனால் படி இறங்க இறங்க அந்தக் கோபம் ஓனர் வீட்டை விட்டுவிட்டு வேறு ஆள் மேல் திரும்பிவிட்டது. சார்ட்டச் சொல்லிட்டேனே, சரின்னாரே.

டியூபை மாட்டி மெஷினை மறுபடி ஓடவிட்டேன். அவர் எழுந்து வந்து, ஏதோ தெரியாதவர் மாதிரி, "என்ன, நின்னுருச்சா?" என்று பொத்தான் பக்கம் கையைக் கொண்டுபோனார்.

"அதத் தொடாதீங்க. மாடிக்குப் போயிட்டுத்தான் வந்திருக்கேன்."

கை அப்படியே நின்றது.

"இத்தனை நாளா முழுப் பூசணிக்காயச் சோத்துல மறைச்சீங்களே. ஸ்டெபிலைசர் வாங்குனோம். மெக்கானிக் வந்தாரு. பக்கத்துலயே நின்னு டார்ச் அடிச்சீங்க. எனக்கு ஓட்டத் தெரியலன்னு கேலி வேற."

அவர் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். "காலி பண்ணச் சொல்லுவாங்கன்னு நெனச்சேன். கடைசியாத் தண்ணி எடுத்துக்கங்கன்னு மட்டுந்தான் சொன்னாங்க. சரின்னுட்டேன்."

"எங்கிட்டச் சொல்லணும்னு தோணலையா?"

"சொன்னா அன்னைக்கே சாமானக் கட்டியிருப்ப." பனியனால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "எங்கம்மாகூடக் கெணத்தடியில கொடத்த வச்சுக்கிட்டு, எல்லாரும் எறைச்சு முடிக்கட்டும்னு நின்ன ஆளு நானு. எனக்கு அது பழகிருச்சு. ஒனக்கும் பாப்பாக்கும் அது தெரியவே வேணாம்னு நெனச்சேன். அதுக்கு மெஷின் ரிப்பேருன்னு இருந்துட்டுப் போகட்டும்."

அவர் மேல் இரக்கம் வந்தது. வந்தாலும் என் கோபம் குறையவில்லை. இன்றைக்கும் குறையவில்லை என்பதுதான் உண்மை.

"தெரியாம இருந்தா ஆச்சா? இத்தனை நாளும் நானும் கடைசியாத்தான துவைச்சிருக்கேன்? அவங்க நிக்க வச்சாங்க, நீங்க எனக்குத் தெரியாம நிக்க வச்சீங்க. இதுல யாரு மேல நான் அதிகமாக் கோவப்படணும், சொல்லுங்க" என்றேன்.

அவர் பதில் சொல்ல வாயெடுத்தபோது மெஷின் நின்றது. எல்லா விளக்கும் சிமிட்டின. அந்தம்மா மறுபடி அடைத்துவிட்டார். நாங்கள் இரண்டு பேரும் அந்தக் கண்ணாடிக் கதவையே பார்த்தோம். இனிமேல் பிளக்கைப் பிடுங்கி மாட்டுகிற நாடகம் எங்கள் வீட்டில் நடக்காது.

அவர் எழுந்தார். பனியனோடு, சட்டைகூட மாட்டாமல் வெளியே போனார். மாடிப்படியில் அவருடைய செருப்புச் சத்தம் கேட்டது. மேலே என்ன பேசினார் என்று எனக்குத் தெரியாது, சத்தம் எதுவும் வரவில்லை. கொஞ்ச நேரத்தில் மெஷினுக்குள் தண்ணீர் இறங்கியது. துணி அலசி, பிழிந்து, கதவு திறக்கிறவரை அவர் வால்வுக்குப் பக்கத்திலேயே நின்றுவிட்டு வந்தார். அதற்குப் பிறகு அந்தக் கைப்பிடியில் யாரும் கை வைக்கவில்லை.

அடுத்த வாரம் ஓனர் கீழே வந்தார். மகனுக்குக் கல்யாணம் பேசுகிறார்களாம். போர்ஷன் தேவைப்படுகிறதாம்.

"ஒங்க வீட்டுத் தம்பி பிளஸ் ஒன்தானண்ணே படிக்கிது" என்றார் என் கணவர்.

ஓனர் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"காலி பண்ணிர்றோம்ணே. ஆனா உண்மையான காரணத்த நீங்க வாயத் தெறந்து சொல்லணும். சொல்லுற அன்னைக்கே சாமானத் தூக்கிர்றோம்."

ஓனர் என்னைப் பார்த்தார். நான் கதவைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தேன். "சரி, பெறகு வாரேன் தம்பி" என்று மாடிக்குப் போய்விட்டார்.

அவர் இன்னும் சொல்லவில்லை. நாங்கள் இன்னும் அந்த வீட்டில்தான் இருக்கிறோம்.