செருப்பு ஸ்டாண்டு ராசி

கண்ணாடிக் கடைக்காரருக்கு அந்த வாரம் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. ஜன்னல் கண்ணாடி வெட்டுகிறவருக்குக் கை நடுங்கினால் என்ன ஆகும்? வெட்டிய கண்ணாடியெல்லாம் கோணல். கேட்டவர்களிடம், "சரக்கு சரியில்லைங்க" என்று பழியைச் சரக்கின் தலையில் போட்டார். சனிக்கிழமை அவர் உயிராக நினைக்கும் ஃபுட்பால் டீமுக்கு நாக்அவுட் ஆட்டம். தோற்றால் டீம் மூட்டை கட்ட வேண்டியதுதான். மூட்டை கட்டப்போவது அவர்கள், தூக்கம் கெட்டது இவருக்கு. இப்படி ஒரு மனுஷன் இருப்பதே அந்த டீமில் ஒருத்தனுக்கும் தெரியாது.

சரி, கவலை கோல்கீப்பரைப் பற்றியா, முட்டியில் அடிபட்ட ஸ்ட்ரைக்கரைப் பற்றியா என்றால் இரண்டும் இல்லை. வீட்டு வாசலில் இருக்கும் செருப்பு ஸ்டாண்டைப் பற்றி.

அவர் மகளும், மருந்துக்கடையில் அவளோடு வேலை பார்க்கும் பையனும் இரண்டு வருஷமாக விரும்புகிறார்கள். அவள் கெஞ்சியாச்சு, அழுதாச்சு, சாப்பிடாமலும் கிடந்தாச்சு. மனுஷன் மசியவில்லை. கடைசியில் பையனே பெண் கேட்டு வந்து நின்றான். எப்போது? போன ஆட்டத்தில் டீம் இரண்டு கோல் வாங்கி, இவர் தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தபோது. நல்ல நேரம் பார்த்தான் போங்கள். "உக்காரு" என்று ஒரு வார்த்தை வரவில்லை. பையன் செருப்பு ஸ்டாண்டு பக்கத்திலேயே நின்றான். அவன் நிற்க நிற்க டீம் மூன்று கோல் போட்டு ஜெயித்தது. அந்தச் சந்தோஷத்தில் இவர் திரும்பி, "கிளம்பு தம்பி, இது நடக்காது" என்றார்.

ஒரு வாரம் கழித்துக் கடையில் கண்ணாடிக்கு அளவு எடுக்கும்போதுதான் பொறி தட்டியது. இவன் வந்து நின்ற பிறகுதானே மூன்று கோலும்?

அப்புறம் எங்கே வேலை ஓடும்? ஆட்டத்துக்கு முதல் நாள், துணி மடித்துக்கொண்டிருந்த மகளிடம் மெதுவாகப் போய் நின்றார்.

"நாளைக்கு அந்தத் தம்பியை வரச் சொல்லேம்மா."

"எதுக்குப்பா?"

"சும்மாதான். பேசலாமேன்னு."

"எப்ப வரணும்?"

"ஆட்டம் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி வந்தா நல்லது."

அவள் மடிப்பதை நிறுத்தினாள். அப்பாவின் வண்டவாளம் அவளுக்குத் தெரியாதா? ஆட்டத்தின் நடுவில் நாற்காலியை நகர்த்திய குற்றத்துக்கு அம்மாவோடு ஒரு மாசம் பேசாதவராச்சே.

"கல்யாணத்துக்குச் சரின்னு சொல்லுங்க. வரச் சொல்றேன்."

இரண்டு வருஷக் கண்ணீருக்கு அசையாத மனுஷன் யோசிக்கக்கூட இல்லை. "சரிம்மா" என்றுவிட்டார்.

அவளுக்குச் சந்தோஷம்தான். கூடவே வயிறும் எரிந்தது. தான் அழுத அழுகைக்கு மூன்று கோல் மதிப்புகூட இல்லையா? "அம்மா, கேட்டுக்கிட்டியா? நீதான் சாட்சி" என்று சமையலறைப் பக்கம் குரல் கொடுத்தாள்.

சனிக்கிழமை பையன் சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு வந்தான். பட்ட பாடு மறக்குமா, தானாகவே செருப்பு ஸ்டாண்டு பக்கம் ஒதுங்கினான். கண்ணாடிக் கடைக்காரருக்கு அப்பாடா என்றிருந்தது. அதற்குள் மகள் அப்பாவுடைய நாற்காலியைக் காட்டி, "வந்து உக்காருங்க" என்றாள்.

"மாப்பிள்ளை," அந்த வார்த்தை அவர் வாயில் முதல் தடவையாக வந்தது. "தப்பா எடுத்துக்காதீங்க. கொஞ்சம் அங்கேயே நில்லுங்களேன்."

"அவர் உக்காருவார்ப்பா. அங்க ஆள் நின்னே ஆகணும்னா நீங்க போய் நில்லுங்க."

விசில் ஊதிவிட்டார்கள். மல்லுக்கட்ட நேரமில்லை. ராசி இடத்துக்குத்தானே, ஆளுக்கா என்று தன்னைத்தானே தேற்றிக்கொண்டு போய் நின்றார். அங்கிருந்து பார்த்தால் டிவியைப் பாதி ஃபிரிட்ஜ் மறைத்தது. பந்து எங்கே போகிறதென்றே புரியவில்லை. நன்றாகத் தெரிந்தது நாற்காலியில் இருப்பவரின் பின்மண்டை மட்டும்தான். போன தடவை அந்தப் பையன் எதைப் பார்த்துக்கொண்டு நின்றான் என்பது அவருக்கு அப்போதுதான் உறைத்தது.

பையன் திரும்பிப் பார்த்தான். "நீங்க வந்து உக்காருங்க மாமா" என்று எழுந்தான்.

அவனிடம் தான் ஒருதரம்கூடச் சொல்லாத வார்த்தை. அவன் முகத்தைப் பார்க்கவே அவருக்குக் கூச்சமாக இருந்தது. ஆனாலும் இடத்தைவிட்டு நகரவில்லை. டீம் ஜெயிக்க வேண்டாமா?