தூதரகத்து விருந்தாளி

வாப்பா, உம்மா, எனக்கு மூத்தவளான ராத்தா, நான் ஆகிய நால்வரும் அன்று கொழும்பில் கொட்டாஞ்சேனை வீட்டில் இருந்தோம். வாப்பாவின் தம்பி, எங்கள் சாச்சா, இல்லை. யாழ்ப்பாணத்து முஸ்லிம்கள் எல்லோரும் வெளியேற வேண்டும் என்று இயக்கம் ஒலிபெருக்கியில் அறிவித்த அன்றே, விசாரணை என்று சொல்லி அவரைக் கூட்டிப்போனார்கள். எங்களை வெறுங்கையோடு அனுப்பினார்கள். அவரை அனுப்பவேயில்லை.

மதத்துக்காகத் துரத்தப்பட்டவர்களின் கதையைக் கேட்க வெளிநாட்டுத் தூதரகம் ஒன்றிலிருந்து அதிகாரி வருகிறார், காணாமல் போனவர்களுக்காகவும் அவர்களுடைய அரசு பேசும் என்று பள்ளிவாசலில் சொன்னார்கள். குடும்பத்தில் பள்ளிக்கூடம் முடித்தவன் நான் ஒருவன்தான். ஆங்கிலம் என் பொறுப்பாயிற்று.

"நாம பட்ட பாட்டைக் கேக்கத்தான் வாறாங்க, தின்ன இல்ல உம்மா" என்றாள் ராத்தா.

"வாசல் மிதிச்ச ஆள வெறும் தேத்தண்ணியோட அனுப்பேலுமாடி? ஊரில அப்பிடியா இருந்தனாங்க?"

வாப்பா புறக்கோட்டை நடைபாதையில் கைக்குட்டை விற்றுக்கொண்டிருந்த காலம் அது. பாதி நாள் பாண் ரொட்டியும் சம்பலும்தான். ஆனாலும் ஆட்டிறைச்சி வந்தது, நெய் வந்தது. மேல்வீட்டு அன்ரி திரைச்சீலையும் கண்ணாடிக் கோப்பைகளும் தந்தா. "உங்கட வீட்டில கலியாணம் மாதிரியல்லோ கிடக்குது!" என்று சிரித்தா. நாங்கள் படுக்கும் கிழிந்த பாய்கள் அவ வீட்டுக்குப் போயின.

அதிகாரி எங்களோடு தரையில் அமர்ந்து ஒரே சகன் தட்டில் சாப்பிட்டார். "தம்பி இருந்திருந்தா எலும்பெல்லாத்தையும் தன்ட பக்கம் இழுத்திருப்பான்" என்றார் வாப்பா. சிரிக்கப் பார்த்தார், முடியவில்லை. பிறகு தம்பியைப் பற்றி எல்லாம் சொன்னார். நான் ஒன்றையும் விடாமல் ஆங்கிலத்தில் சொன்னேன்.

இங்கே எப்படி வாழ்கிறீர்கள் என்று அதிகாரி கேட்டார்.

"அல்ஹம்துலில்லாஹ், ஒரு குறையுமில்ல எண்டு சொல்லு மகன்."

சொன்னேன். விருந்தாளிக்கு முன்னால் இவர் அப்படித்தான் சொல்வார், நம்பவேண்டாம் என்றும் சேர்த்துச் சொன்னேன். அதிகாரி திரைச்சீலையைப் பார்த்தார். உம்மா அவர் பக்கம் இன்னொரு துண்டு இறைச்சியைத் தள்ளினார்.

பல வாரம் கழித்துத் தூதரகத்துக்குப் போனேன். உம்மாவின் சமையலை மறக்கவில்லை என்றார் அதிகாரி. தங்கள் அரசு கண்டன அறிக்கை விட்டுவிட்டதாம். காணாமல் போனவர்களில், புத்தளம் முகாம்களில் ஒன்றுமில்லாமல் கிடக்கும் குடும்பங்களின் ஆட்களைப் பற்றித்தான் முதலில் பேசுகிறார்களாம். நீங்கள் பரவாயில்லாமல் இருக்கிறீர்கள்தானே என்றார். எல்லாம் இரவல் என்று நான் சொல்லச் சொல்லத் தலையாட்டினார்.

நான் வீடு திரும்பியபோது உம்மா வாசலிலேயே நின்றார். "சாச்சாட பேர் போச்சுதா?"

"போகல்ல உம்மா."

வாப்பா சட்டையை மாட்டிக்கொண்டு புறக்கோட்டைக்குப் புறப்பட்டார். ராத்தா அந்த விருந்துக்காகத் தன் காதுப்பூவை விற்றிருந்தாள். அதற்குக் கிடைத்து, முழுதும் செலவானது எண்ணூற்று நாற்பது ரூபாய்.